புளி போட்டுத் தேய்த்த தாரா

வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில் கதவு சடங்குக்குத் திறக்குமுன் ஆரையம்பதியில் எந்த வீட்டிலும் பித்தளைக்கு நிம்மதி கிடையாது. குத்துவிளக்கு, செம்பு, தாம்பாளம் எல்லாம் புளியும் சாம்பலும் பட்டு வெயிலில் காயும். அன்று நான் சந்தையால் வந்தபோது அந்த வரிசையில் எங்கள் சாமித்தட்டுத் தாராவும் இருந்தாள். முகத்துப் பொன் போய்ச் செம்பு சிவந்து தெரிந்தது. மூக்கும் உதடும் வார்ப்பில் நின்றன; பார்வை மட்டும் இல்லை.

"அம்மனும் ஊத்தையாக் கிடந்தா. அதான் சேத்துத் தேச்சன்," என்றாள் என் மனைவி யசோதினி.

எனக்கு வந்த கோபத்தில் பகல் சோறு இறங்கவில்லை.

தாரா நேபாளத்துச் செம்புச் சிலை, ஒரு சாண் உயரம். கத்தாரில் நான் கட்டட வேலையில் கம்பி கட்டிய காலத்தில் ஒரே அறையில் இருந்த பத்ரா தந்தது. அவனுக்கு அவள் பௌத்தத் தாய்த் தெய்வம், யசோதினிக்கு இன்னொரு அம்மன். அவனுடைய ஆட்கள் பரம்பரையாகச் சிலை வார்ப்பவர்கள். உடம்புக்கு நெருப்பில் பொன் ஏற்றுவார்களாம். அது இலேசில் போகாது. முகத்துக்கு மட்டும் பொன்தூளைப் பசையில் குழைத்துப் பூசி, கண்ணைத் தூரிகையால் எழுதுவார்கள். அண்ணன் வார்த்து அனுப்பிய இவளுக்குப் பத்ரா எங்கள் அறையில் வைத்து, லீவு கிடைக்கும் வெள்ளிக்கிழமைகளில் முகம் எழுதினான். நான் டோர்ச் பிடிப்பேன். ஆட்கள் நெருங்கிக் கிடந்த அந்தத் தகர அறையை இப்போது நினைத்தால் நெஞ்சு இளகுகிறது. அங்கே இருந்தபோது எப்போது தப்புவோம் என்று அழுதவனும் நான்தான்.

பிறகு பத்ராவுக்குக் கண் பார்வை போய், ஊரோடு இருக்கிறான். அவன் கடைசியாக எழுதிய முகம் இது. வெள்ளிதோறும் டெலிபோன் கோல் எடுத்து முதலில் அவளைத்தான் விசாரிப்பான். அன்றும் வெள்ளி.

"அவனுக்குத் தெரியவா போகுது? நல்லா இருக்கா எண்டு சொல்லிருவம்," என்றேன்.

"நான் செஞ்சத நான்தான் சொல்லணும். நீங்க ஹிந்தியில சொல்லுங்க. மாத்திச் சொன்னா எனக்கு விளங்கும்."

ஹிந்தி அவளுக்கு ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் என் முகம் தெரியும்.

கோல் வந்தது. உள்ளதைச் சொன்னேன்.

"அவளுக்கு என்ன பார்வை எழுதினேன்?" என்று கேட்டான் பத்ரா. "எனக்கு மறந்துபோய்விட்டது. நீ தினமும் பார்த்தவன், சொல்லு."

வாயைத் திறந்தேன். குனிந்து பார்த்தாளா, நேரே பார்த்தாளா? நாள் தவறாமல் விளக்கு வைத்துக் கும்பிட்ட முகம் நினைவுக்கே வரவில்லை. வந்ததெல்லாம் பத்ராதான். டோர்ச் வெளிச்சத்தில் மூச்சை அடக்கிக் குனிந்திருக்கிறான், உதட்டோரம் நாக்கு நுனி வெளியே நிற்கிறது.

"அவள் முகம் ஞாபகமில்லையடா," என்றேன். "உன் முகம்தான் இருக்கிறது. நாக்கை நீட்டிக்கொண்டு எழுதுவாய்."

அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"நான் நாக்கை நீட்டினதே இல்லை," என்றான்.

யசோதினி என் கையைப் பிடித்தாள். "என்ன சொல்றார்?"

"பொய் சொல்றான்," என்றேன்.