சின்னத்தில் உட்கார்ந்திருந்தவர்

புதன்கிழமை காலை குமுதவல்லியின் வீட்டுச் சாய்வு நாற்காலி சின்னமாக அறிவிக்கப்பட்டது. அப்போது அதில் அவளுடைய அப்பா உட்கார்ந்திருந்தார்.

அறிவிக்க வந்த அம்மாள் குடையை மடக்கி வாசலில் சாத்திவிட்டு உள்ளே வந்தார். சின்னங்கள் துறை அதிகாரி. நாற்காலியைச் சுற்றி வந்து பார்த்தார். நீண்ட கைகள் வைத்த பழைய தேக்கு நாற்காலி. கோடு போட்ட கித்தான் நடுவில் தொங்கிப் போயிருந்தது. அப்பா வைத்திலிங்கம் தம் இரண்டு கால்களையும் நாற்காலியின் கைகள்மேல் தூக்கிப் போட்டிருந்தார்.

"இன்னையிலேர்ந்து இது நாற்காலி இல்ல. சின்னம்," என்றார் அதிகாரி.

"எதுக்குச் சின்னம்?" என்று கேட்டாள் குமுதவல்லி.

"அது இனிமேதான் முடிவாகணும். பார்க்க வர்றவங்க சொல்லுவாங்க."

"அப்பா அதுல உக்காந்திருக்காங்களே."

"இருக்கட்டும். எந்திரிச்சா அர்த்தம் மாறிடும். பேசவும் வேணாம். சின்னம் பேசாது."

"காப்பி?"

அதிகாரி யோசித்தார். "குடிக்கலாம்," என்றார்.

வைத்திலிங்கம் எதையோ சொல்ல வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார். அவருக்கு அது புதிதில்லை. திங்கட்கிழமையிலிருந்தே அவர் பேசவில்லை.

திங்கட்கிழமை குமுதவல்லி தன் கல்யாணச் செய்தியை அவரிடம் சொல்லியிருந்தாள். அவள் நாகப்பட்டினத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. மாப்பிள்ளை பக்கிரிசாமி விசைப்படகு எஞ்சின்களைப் பழுது பார்ப்பவர். மனைவியை இழந்தவர். "வெள்ளிக்கிழமை ரிஜிஸ்தர் ஆபீஸ்ல கல்யாணம். நீங்க வரணும்பா," என்றாள். வைத்திலிங்கத்தின் கால்கள் மெல்ல மேலே போயின.

ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். வேண்டாம் என்று அவர் வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை. காலைத் தூக்கி நாற்காலியின் கைகள்மேல் போடுவார், அவ்வளவுதான். அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாம் அந்தப் பாதங்களைப் பார்த்துவிட்டு எழுந்து போனவர்கள்தான்.

மத்தியானமே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கூட்டத்தைத் தடுக்கக் கயிறு வேண்டும் என்றார் அதிகாரி. வீட்டில் கயிறு இல்லை. பக்கத்து வீட்டு லூர்துமேரி அக்கா வந்து இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார். சாயங்காலத்துக்குள் அவர் கயிறாகிவிட்டார். சிவப்புக் கயிறு. நல்ல தடிமன்.

"வலிக்குதாக்கா?" என்று கேட்டாள் குமுதவல்லி.

"இல்லடி. முட்டிவலி போயிட்டுது. எங்க வீட்டு அடுப்புல பருப்பு இருக்கு, போய் எறக்கு," என்றது கயிறு.

ஆட்கள் கூடக் கூட ஹாலும் நீண்டது. வியாழக்கிழமை காலை அவள் சமையலறையிலிருந்து காப்பி எடுத்துக்கொண்டு நடந்தாள். அப்பாவிடம் போய்ச் சேர்வதற்குள் காப்பியில் ஆடை படிந்துவிட்டது. அடுத்த முறை சைக்கிளில் போனாள். பாதி வழியில் ஒருவர் கூடையை இறக்கிவைத்துச் சுண்டல் விற்றுக்கொண்டிருந்தார். அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் பழக்கமானவர்தான். "வீட்ட நல்லா கட்டியிருக்கீங்க டீச்சர்," என்றார்.

கயிற்றருகே மூன்று பேர் நிரந்தரமாக நின்றிருந்தார்கள். ஒருவர் இலக்கியப் பேராசிரியர். ஒருவர் ஓவியர். மூன்றாவது, நாற்காலிகளை வடிவமைக்கும் ஓர் இளம்பெண். கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

"இலக்கியத்துல சாய்வு நாற்காலின்னா அதிகாரம். எழுந்திருக்காமலே வீட்டை ஆளுறது. கால் வச்சிருக்கிற தோரணையைப் பாருங்க," என்றார் பேராசிரியர்.

"ஓவியத்துல அப்படி இல்ல. நாற்காலின்னா இல்லாமை. யாரோ எழுந்து போயிட்டாங்க, நாம பார்த்துக்கிட்டு நிக்கிறோம்," என்றார் ஓவியர்.

"எங்கப்பா அங்கதான் இருக்காங்க," என்றாள் குமுதவல்லி.

"தெரியுதும்மா. அது ஒரு குறைதான்."

இளம்பெண் வைத்திலிங்கத்தின் முதுகையும் கித்தானின் வளைவையும் மாறி மாறி அளந்தாள். "எவ்வளவு நாளா இதுல உக்கார்றாரு?"

"அம்மா போனதுலேர்ந்து."

"ரெண்டும் ஒரே வளைவு. இதுல எது எதைச் செஞ்சதுன்னு சொல்ல முடியல," என்றாள்.

குமுதவல்லி சைக்கிளைக் கயிற்றோரம் நிறுத்தினாள். லூர்துமேரி அக்கா சற்று நகர்ந்து இடம் கொடுத்தார்.

"எனக்கு ஒண்ணு தெரியணும். நாளைக்கு எனக்குக் கல்யாணம். அப்பாவுக்குச் சம்மதமா இல்லையா? பார்த்துச் சொல்லுங்க."

மூவரும் உற்றுப் பார்த்தார்கள்.

"சம்மதமில்ல," என்றார் பேராசிரியர். "ஆளே இல்ல, அப்புறம் என்ன சம்மதம்," என்றார் ஓவியர். இளம்பெண் மட்டும் குனிந்து வைத்திலிங்கத்தின் பாதங்களைப் பார்த்தாள். "நிறம் சரியில்லையே," என்றாள்.

அதிகாரி எல்லோரையும் அமைதிப்படுத்தினார். மூன்று கருத்துகளையும் துறை ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார்.

அன்று சாயங்காலம் பக்கிரிசாமி வந்தார். கையில் கிரீஸ் வாடை போகவில்லை. சமையலறைப் படியில் உட்கார்ந்து ஹாலின் நீளத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்பா வரமாட்டாருங்களா டீச்சர்?"

"தெரியல. அர்த்தம் இன்னும் முடிவாகல."

"தள்ளி வச்சுக்குவமா?"

அவள் எழுந்து, லூர்துமேரி அக்கா வீட்டிலிருந்து எடுத்து வந்திருந்த பருப்பைச் சுட வைத்தாள். இரண்டு பேரும் அதைக் கடைந்து சாப்பிட்டார்கள். சாப்பிட்டு முடித்ததும் அவள், "நாளைக்குத்தான். நீங்க நேரா ஆபீஸுக்கு வந்துடுங்க," என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை குமுதவல்லி அரக்குப் பட்டு உடுத்தினாள். தலையில் பூ வைத்துக்கொண்டாள். அப்பாவிடம் சொல்லிக்கொண்டு கிளம்பலாம் என்று சைக்கிளை எடுத்தாள். ஹால் அதற்குள் இன்னும் தூரமாகிவிட்டிருந்தது. வெயில் ஏறிய பிறகுதான் நாற்காலி கண்ணில் பட்டது. அவளுக்குக் கோபமாக வந்தது. மூச்சு வாங்கியதால் அதைக் காட்ட முடியவில்லை.

பக்கத்தில் போய்ப் பார்த்தாள். அப்பாவின் பாதங்கள் வீங்கியிருந்தன. விரல்கள் நீலம் பாரித்திருந்தன. இத்தனை வருஷமும் அந்தப் பாதங்களைப் பார்த்தவுடன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சமையலறைக்குப் போயிருக்கிறாள். ஒரு தடவையும் தொட்டதில்லை. இப்போது கயிற்றுக்கு மேலாகக் கையை நீட்டித் தொட்டாள். சில்லென்று இருந்தது.

கயிற்றைத் தாண்டி உள்ளே போனாள். இடது காலை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கித் தரையில் இறக்கினாள்.

"அர்த்தம் மாறுது," என்று அதிகாரி எச்சரித்தார்.

"மாறட்டுங்க."

வலது காலையும் இறக்கினாள். வைத்திலிங்கம் கண்ணை மூடிப் பல்லைக் கடித்துக்கொண்டார். பிறகு பேசினார். தொண்டை கட்டியிருந்தது.

"மரத்துப் போச்சும்மா."

"எப்பலேர்ந்து?"

"நீ சொன்ன அன்னைக்கே. பழக்கத்துல தூக்கிப் போட்டுட்டேன். அப்புறம் எறக்கலாம்னு பார்த்தேன். எறங்கல."

"சொல்லியிருக்கலாமேப்பா."

"எனக்கே வெக்கமா இருந்துச்சு. அப்புறம் இந்தம்மா வந்து பேசக் கூடாதுன்னுட்டாங்க."

குமுதவல்லி அவர் பாதங்களை மடியில் வைத்துத் தேய்த்தாள். பட்டுப்புடவை கசங்கியது. லூர்துமேரி அக்கா, "மேலேர்ந்து கீழ தேய்டி," என்றார். கொஞ்சம் கொஞ்சமாக நீலம் போயிற்று.

"முந்தி வந்தாங்களே, பொண்ணு பாக்க. அப்பவுமா மரத்துச்சு?" என்று கேட்டாள். தலையை நிமிர்த்தவில்லை.

"இல்ல," என்றார் வைத்திலிங்கம். "அப்பல்லாம் வேணும்னேதான் போட்டேன். நீ போயிட்டா வீடு என்னாகும்னு பயம்."

அவள் தேய்ப்பதை நிறுத்தினாள். பிறகு மறுபடி தேய்த்தாள், முன்னைவிட அழுத்தமாக. அவர் வலிக்கிறது என்று சொல்லவில்லை.

"எந்திரிங்க. நேரமாச்சு," என்றாள்.

அவர் எழுந்தார். நாற்காலியின் வளைவு முதுகில் அப்படியே இருந்தது. கயிறு தன்னைத் தாழ்த்திக்கொண்டது. அவர் அதைத் தாண்டியபோது ஓவியர் பெருமூச்சு விட்டார். "இப்பத்தான் சரியா இருக்கு," என்றார். பேராசிரியர், காலியாக இருக்கும்போது அதிகாரம் இன்னும் கூடுகிறது என்றார். இளம்பெண் கித்தானை அளந்தாள். அதிகாரி திருப்தியோடு தலையாட்டினார். எல்லோரும் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிளம்பியவர்களை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வைத்திலிங்கம் சைக்கிள் கேரியரில் ஒருபக்கமாக உட்கார்ந்தார். குமுதவல்லி புடவையைச் செருகிக்கொண்டு மிதித்தாள். வந்த வழியில் திரும்பவில்லை. ஹால் இதற்குள் ரிஜிஸ்தர் ஆபீஸ் வரை நீண்டுவிட்டிருந்தது. பஸ் பிடிக்கும் வேலை மிச்சமாயிற்று.

ஆபீஸ் வாசலில் பக்கிரிசாமி வெள்ளைச் சட்டையில் நின்றிருந்தார். ஓடிவந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டார். மூவரும் உள்ளே போனார்கள்.

பதிவாளர் கண்ணாடிக்கு மேலாக வைத்திலிங்கத்தைப் பார்த்தார். "நீங்க யாரு?"

அது கஷ்டமான கேள்வி. குமுதவல்லி உதவவில்லை.

"பொண்ணோட அப்பா," என்றார்.

"உக்காருங்க."

"இல்லைங்க. நிக்கிறேன்."

நின்றார். ரத்தம் ஓடத் தொடங்கி இரண்டு கால்களிலும் எறும்பு ஊர்வது போல் இருந்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்தவரைப் பக்கிரிசாமி முழங்கையில் தாங்கிக்கொண்டார்.

"என்ன பண்ணுதுங்க மாமா?"

"கூசுது," என்றார் வைத்திலிங்கம். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை.