கதவு கேட்ட எடை

பதினான்கு குளிர்காலமாக மார்லிஸ் ஒரு துளையை முறைத்துக்கொண்டிருந்தாள். பிப்ரவரி பிறந்துவிட்டால் விஸ்கான்சினில் அவர்கள் ஊரே உறைந்த ஏரியின் மேல் குடியேறிவிடும். சாப்பாட்டு மேசை அகலத்துக்கு ஐஸை அறுத்தெடுத்து, அதன் மேல் ஒரு மரக்குடிலை இழுத்து வைத்து, ஜன்னல் இல்லாத இருட்டில் உட்கார்ந்து, கீழே பச்சையாக ஒளிரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஸ்டர்ஜன் மீன் வந்தால் ஈட்டி. வராவிட்டால் அடுத்த வருஷம். மார்லிஸ் பதினான்கு தடவை அடுத்த வருஷம் என்று சொல்லிவிட்டு வீடு திரும்பியவள்.

அவள் கணவன் டுவேன் பதினோரு வருஷத்துக்கு முன்பே ஒன்றைக் குத்திவிட்டான். குத்தினோம், சாப்பிட்டோம் என்று விட்டானா? நூற்று நான்கு பவுண்டு, எழுபத்திரண்டு அங்குலம் என்று கல்யாணம், ஞானஸ்நானம், அடக்கம் எதையும் விட்டுவைக்காமல் சொல்லித் தீர்த்தான். பாதிரியார்கூட மனப்பாடமாகச் சொல்வார். அந்த மீன் பிடிபட்ட வாரம் மார்லிஸ் மில்வாக்கியில், அக்காவின் ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் இருந்தாள். திரும்பி வந்தபோது மீன் துண்டு துண்டாகப் புகையில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆகவே அவளுக்கும் அது நூற்று நான்கு பவுண்டுதான்.

இன்று பருவத்தின் கடைசி நாள். ஒரு மணியோடு ஈட்டியைக் கீழே வைத்துவிட வேண்டும். பன்னிரண்டு நாற்பதுக்கு, துளையின் இடது ஓரத்தில் தண்ணீர் கறுத்தது.

முதலில் மேகம் என்று நினைத்தாள். மேகத்துக்கு மூக்கு இருந்தது. மூக்குக்குப் பின்னால் உடம்பு வந்துகொண்டே இருந்தது, முடிகிற வழியாக இல்லை. ஈட்டியை எப்போது எடுத்தாள், எப்போது விட்டாள் என்று அவளுக்கே தெரியாது. கயிறு சுருள் பிரிந்து ஓடியபோதுதான் குத்திவிட்டோம் என்று புரிந்தது. அவள் போட்ட கூச்சலில் பக்கத்துக் குடிலிலிருந்த ஆர்லின் ஒரு காலில் மட்டும் பூட்ஸோடு ஓடிவந்தான்.

"என்ன மார்லிஸ், உள்ள விழுந்துட்டியா?"

"மீனுய்யா! கொக்கிய எடு! கயிறு கையை அறுக்குது!"

இரண்டு பேரும் சேர்ந்து கால் மணி நேரம் மல்லுக்கட்டினார்கள். கடைசியில் மீன் கதவு வழியே வெளியே வந்து ஐஸின் மேல் கிடந்தது. தலை ஆர்லினின் காலடியில், வால் இன்னும் குடிலின் வாசலில். மார்லிஸ் அதன் பக்கத்தில் மண்டியிட்டாள். சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். பதினான்கு வருஷத்துச் சந்தோஷம் மொத்தமாக வந்தால் மனுஷி என்ன செய்வாள்?

"சரி, சரி. டேக்கை, அந்த லைசென்ஸ் சீட்டை, மீன்ல கட்டு," என்றான் ஆர்லின். "கட்டாம ஒரு அங்குலம் நகர்த்தக் கூடாது. ரெண்டு மணிக்குள்ள பதிவு நிலையத்துல இருக்கணும். ரெண்டு அஞ்சுக்குப் போனாலும் மீன் அரசாங்கத்துக்குத்தான், உனக்கு அபராதச் சீட்டுதான்."

மார்லிஸ் கோட்டுப் பையைத் தடவினாள். அவள் மேல் கோட்டே இல்லை.

கோட் பிக்கப்புக்குள் இருந்தது. மத்தியானம் சாசேஜ் ரொட்டி தின்ன வண்டிக்குள் ஏறியவள், ஹீட்டர் சூட்டில் கோட்டைக் கழற்றி சீட்டில் போட்டுவிட்டு, பத்தடி தூரம்தானே என்று ஸ்வெட்டரோடு குடிலுக்குத் திரும்பியிருந்தாள். கோட்டில் டேக், டேக்குப் பக்கத்தில் போன். வண்டி உறுமிக்கொண்டு நின்றது, சாவி உள்ளே, கதவு பூட்டி.

இதில் அவளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் டுவேன் குனியும்போது சட்டைப் பையிலிருந்து சாவிக்கொத்து நழுவி, 'ப்ளக்' என்று துளைக்குள் போய்விட்டது. அதனால்தான் போன இலையுதிர் காலத்தில், கதவில் கீபேட் இருக்கிற வண்டியாகத் தேடிப்பிடித்து வாங்கினான். குடிலுக்குள் சாவி வரவே கூடாது என்பது வீட்டுச் சட்டமாகிவிட்டது. சாவியை வண்டியிலேயே விடு, இறங்கியதும் கடைசி இரண்டு பொத்தானையும் சேர்த்து அமுக்கு, பூட்டிக்கொள்ளும், நம்பரை அடித்தால் திறக்கும். நட்ட நடு ஏரியில் பூட்டுவானேன் என்று கேட்கலாம். அதற்குக் காரணம் ஆர்லின். போன வருஷம் அவன் விளையாட்டாக டுவேனின் சீட்டுக்கடியில் உறைந்த கெண்டை ஒன்றை ஒளித்து வைத்தான். மார்ச் மாதம் வெயில் வந்தபோது அது தன்னைத் தெரியப்படுத்திக்கொண்டது.

"நம்பர் தெரியுமில்ல?" என்றான் ஆர்லின்.

"ஊருக்கே தெரியும். 'என் மீனைத்தான் கதவுல போட்டிருக்கேன், எடையும் நீளமும்'னு அன்னைக்கே சொன்னாரு."

அவள் கையுறையைக் கழற்றினாள். ஓட்டுநர் கதவில் ஐந்து பொத்தான்கள், ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டு எண்கள். தொட்டதும் வெளிச்சம் வந்தது. ஒன்று, பூஜ்யம், நான்கு, ஏழு, இரண்டு.

கதவு அசையவில்லை.

மறுபடி மெதுவாக. மறுபடி வேகமாக. நீளத்தை முன்னால் போட்டு இரண்டு முறை. விரல் நுனிகள் கட்டைபோல் ஆகிவிட்டன. கண்ணாடிக்கு உள்ளே கோட் சுகமாகச் சாய்ந்து கிடந்தது, பையிலிருந்து டேக்கின் மஞ்சள் முனை எட்டிப் பார்த்தது. மணி ஒன்று ஐந்து. கரைக்கு நான்கு மைல், அதுவும் ஐஸ் வெடிப்பின் மேல் போட்ட பாலத்தில் கடைசி நாள் வரிசை நிற்கும். ஒன்றேகாலுக்குக் கிளம்பாவிட்டால் அவ்வளவுதான்.

ஆர்லின் கடப்பாரையோடு வந்தான். "ஒரே தட்டு. கண்ணாடிதானே."

"இருய்யா. முதல்ல அவருக்குப் போன் போடு."

டுவேன் இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு இந்த வருஷம் குடிலில் உட்காரவில்லை. ஐஸ் வெடித்த இடத்தில் மீன்பிடி கிளப் போட்டிருந்த மரப்பாலத்தில், வண்டிகளைக் கடத்திவிடும் வேலையில் நின்றான். கையில் தடித்த தோல் கையுறை. அதைக் கழற்றச் சோம்பல்பட்டு அங்கே எல்லோரும் செய்வதுபோல் அவனும் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவான். அன்றைக்கு அவனைச் சுற்றிப் பன்னிரண்டு பேர் நின்றிருந்தார்கள்.

"யோவ் டுவேன், உன் பொண்டாட்டி குத்திட்டாய்யா!" என்றான் ஆர்லின்.

போனுக்குள் பாலமே உடைந்தது போல ஆரவாரம். அதற்கு மேலாக டுவேனின் குரல்: "என் மார்லிஸா? நிஜமாவா? எம்மாம் பெருசு?"

மார்லிஸ் போனைப் பிடுங்கினாள். "பெருசெல்லாம் அப்புறம். டேக் வண்டிக்குள்ள மாட்டிக்கிச்சு. கதவு நம்பர் என்ன?"

"என் மீனுதான்னு சொன்னேனே."

"நூத்தி நாலு, எழுபத்திரண்டு. அஞ்சு தடவை அடிச்சாச்சு. திறக்கல."

அந்தப் பக்கம் டுவேன் இரண்டு தடவை இருமினான்.

"மெதுவா அடிச்சுப் பாரு," என்றான் டுவேன்.

மெதுவாக அடித்தாள். மறுபடியும் அடித்தாள். கதவு கல்லாக நின்றது.

"டுவேன். நீ உண்மையிலேயே என்னத்தைப் போட்ட?"

"என் மீனைத்தான் மார்லிஸ்..." குரல் தேய்ந்தது. அந்தத் தேய்ந்த குரலை முப்பத்தொரு வருஷமாக அவளுக்குத் தெரியும். ஏணியிலிருந்து விழவில்லை என்று சொன்ன குரல் அது. சூதாட்டக் கப்பலில் கால் வைக்கவில்லை என்று சொன்ன குரலும் அதுதான். அவளுக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது.

"அது எத்தனை பவுண்டு?"

"இங்க எல்லாரும் இருக்காங்கம்மா."

"இங்க என் மீன் இருக்கு. ஆர்லின் கையில கடப்பாரை இருக்கு. உன் ஜன்னலா, உன் கதையா, எது வேணும்? பத்து வரைக்கும் எண்ணுறேன். ஒண்ணு. ரெண்டு."

"மார்லிஸ், கேளு..."

"மூணு. பதினாலு வருஷம் டுவேன். நாலு. அந்த இருட்டுல பதினாலு வருஷம் உக்காந்திருக்கேன். அஞ்சு. ஆறு."

ஆர்லின் கடப்பாரையை ஓங்கினான். அவன் முகத்தில் தெரிந்த ஆவலைப் பார்த்தால், நண்பன் வண்டியாயிற்றே என்ற எண்ணம் கொஞ்சமும் இருந்ததாகத் தெரியவில்லை.

"எண்பத்தொண்ணு புள்ளி ஆறு!" என்று டுவேன் கத்தினான். ஏரி முழுக்கக் கேட்டிருக்கும். "அறுபத்தேழு அங்குலம்! போதுமா? எட்டு, ஒண்ணு, ஆறு, ஆறு, ஏழு!"

பாலத்தில் பன்னிரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் போன் கரகரத்தது.

மார்லிஸ் விரலை ஊதிச் சூடாக்கிக்கொண்டு அடித்தாள். எட்டு, ஒன்று, ஆறு, ஆறு, ஏழு.

ஒன்றும் நடக்கவில்லை.

"இதுவும் பொய்யா!" அவள் அலறியதில் ஆர்லின் இரண்டடி பின்வாங்கினான். "இன்னும் கம்மியா? சொல்லு, அறுபதா? நாப்பதா?"

"எங்கம்மா மேல சத்தியம்! எண்பத்தொண்ணு புள்ளி ஆறுதான்!"

ஆர்லின் குனிந்து கீபேடைப் பார்த்தான். "வெளிச்சமே வரல பாரு. எத்தனை தடவை தப்பா அடிச்ச?"

"ஏழு இருக்கும்."

"அதான். என் மச்சான் வண்டியிலயும் இதே கதைதான். ஏழு தடவை தப்பா அடிச்சா கோவிச்சுக்கும். ஒரு நிமிஷம் தொடக் கூடாது."

ஒரு நிமிஷம். மார்லிஸ் கைகளை அக்குளுக்குள் செருகிக்கொண்டு, மீனையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தாள். பதினான்கு வருஷத்தைவிட அந்த ஒரு நிமிஷம் நீளமாக இருந்தது. ஆர்லின் கடிகாரத்தைப் பார்த்து வினாடியை உரக்க எண்ணினான். போனுக்குள் பாலத்து ஆட்களும் கூடவே எண்ண ஆரம்பித்தார்கள். ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது, அறுபது!

தொட்டாள். வெளிச்சம் வந்தது. எட்டு, ஒன்று, ஆறு, ஆறு, ஏழு. 'டக்'. அவளுக்கு அந்தச் சத்தம் மாதா கோயில் மணி போல இனித்தது. உடனே மூன்று-நான்கு பொத்தானை அமுக்கினாள். மற்ற கதவுகளும் திறந்தன. ஆர்லின் மறுபக்கம் ஓடி டேக்கை எடுத்து அவளிடம் நீட்டினான்.

டேக்கைக் கட்டி, மீனைத் தூக்கிப் பின்னால் போட்டு, சீட் பெல்ட் போடாமல் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு பறந்தார்கள். ஐஸ் உடைந்து வண்டி உள்ளே போனால் வெளியே வர வேண்டுமே.

"ஒரு விஷயம், மார்லிஸ்," என்றான் ஆர்லின், கூரைக் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு. "எண்பத்தொண்ணுன்னு அவன் சொன்னது என் காதுல விழவே இல்ல. சரியா? மீன் வருஷா வருஷம் கொஞ்சம் வளரத்தான் செய்யும். என்னோடதும் கொஞ்சம் வளர்ந்திருக்கு."

"எவ்வளவு?"

"ரோட்டைப் பாரு, ரோட்டைப் பாரு."

பாலத்தில் பதினேழு வண்டிகள் நின்றன. கிளப் ஆட்கள் அத்தனையையும் ஓரம் கட்டிவிட்டு அவளுக்கு வழி விட்டார்கள். தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு டுவேன் நின்றான். மார்லிஸ் நிறுத்தினாள். திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். அவனோ அவளைப் பார்க்கவில்லை, பின்னால் கிடந்த மீனைப் பார்த்தான். தொப்பி தானாக மேலே ஏறியது.

"அடியே மார்லிஸ்! இது என்னோடதைவிடப் பெருசுடி!" என்று கூவிக்கொண்டு, டாக்டர் சொன்னதையெல்லாம் மறந்து, ஆபரேஷன் செய்த இடுப்போடு பின்பக்கம் ஏறி மீனைக் கட்டிக்கொண்டான். அவளுக்கு வந்த கோபத்தில் பாதி அங்கேயே இறங்கிப் போயிற்று.

பதிவு நிலையத்தில் மணி ஒன்று ஐம்பத்திரண்டு. தராசில் தூக்கினார்கள். தொண்ணூற்றெட்டு புள்ளி மூன்று பவுண்டு. எழுபது அங்குலம். கூட்டம் கைதட்டியது, டுவேன் எல்லோரையும்விட அதிகமாகத் தட்டினான், கண்ணைத் துடைத்துக்கொண்டான், பாலத்து ஆட்கள் தோளில் குத்தியபோது வாங்கிக்கொண்டான்.

"ஏன்யா," என்று மார்லிஸ் மெல்லக் கேட்டாள், "பொய்யைச் சொல்றவரு கதவுக்கு மட்டும் ஏன் நிஜத்தைப் போட்ட?"

"ஊருக்கே தெரிஞ்ச நம்பரை எவனாவது பூட்டுக்கு வைப்பானா?" என்றான் டுவேன். "அன்னைக்கு எடை போட்டவரு போய்ச் சேர்ந்த பிறகு, எண்பத்தொண்ணு புள்ளி ஆறு எனக்கு மட்டும்தான் தெரியும். அதைவிடப் பத்திரமான நம்பர் இந்த ஊர்ல ஏது?"

மார்லிஸ் விடுவிடுவென்று நடந்தாள். வண்டிக்குப் போய், முன்பெட்டியிலிருந்து, வாங்கும்போது வந்த அட்டையை எடுத்தாள். கம்பெனி கொடுத்த ஐந்து எண்ணும் அதில் இருந்தன. அதை அடித்தாள், ஐந்து வினாடி கழிவதற்குள் ஒன்று-இரண்டு பொத்தானை அமுக்கினாள், பிறகு புது நம்பராக ஒன்பது, எட்டு, மூன்று, ஏழு, பூஜ்யம். பூட்டுகள் ஒருமுறை இறங்கி ஏறின. கதவைச் சாத்தி, கடைசி இரண்டு பொத்தானையும் அமுக்கிப் பூட்டினாள்.

"இப்ப நீ திற. வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே அடி."

டுவேன் தோல் கையுறையைக் கழற்றினான். "ஒம்பது, எட்டு," என்று சொல்லிக்கொண்டே அடித்தான். "புள்ளி. மூணு. ஏழு, பூஜ்யம்." கதவு திறந்தது. அவன் உள்ளே ஏறி, பக்கத்துக் கதவை அவளுக்காகத் திறந்துவிட்டான்.

அடுத்த வெள்ளிக்கிழமை மதுக்கடையில் மீன் வறுவலும் பிராந்தியுமாகக் கூட்டம் நிறைந்திருந்தது. யாரோ வெளியூர்க்காரர், உங்கள் மனைவி குத்திய மீன் எத்தனை பவுண்டு என்று கேட்டார். டுவேன் நெஞ்சை நிமிர்த்தினான். "நூத்தி..." என்று ஆரம்பித்தான். மார்லிஸ் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. டுவேனின் வலது கை விரல்கள் மேசை விளிம்பில் ஐந்து தடவை தட்டின.

"தொண்ணூத்தெட்டு புள்ளி மூணு," என்றான்.