கார்குழலி தலையாட்டவில்லை

கார்குழலிக்குக் காது கேட்காது. அதனால் அவள் உடம்பைப் பற்றிய சேதியெல்லாம் நாத்தனார் தனக்கொடியின் காதுக்குத்தான் போகும். இந்த ஏற்பாட்டை யார் செய்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் கார்குழலியைத் தவிர எல்லோருக்கும் வசதியாக இருந்தது.

மூன்று மாதமாக அவளுக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. தட்டாஞ்சாவடியில் பெட்டி ஒட்டும் கம்பெனியில் நின்றுகொண்டே வேலை. ஒரு நாள் தலை சுற்றி விழுந்தே விட்டாள். ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா படத்தைப் பார்த்தார், பிறகு தனக்கொடியைப் பார்த்து ஒரு பாட்டம் பேசினார். தனக்கொடியும் சளைக்காமல் பேசினாள். நோயாளியம்மாள் நடுவில் உட்கார்ந்து இரண்டு வாயையும் மாறி மாறிப் பார்த்தாள். என்னவென்று கையால் கேட்டதற்கு, ஒன்றுமில்லை, அப்புறம் சொல்கிறேன் என்று தனக்கொடி கையை அசைத்தாள். அந்த அப்புறம் வரவே இல்லை.

கடைசியில் டாக்டரம்மா இவள் பக்கம் திரும்பி ஏதோ கேட்க, இவளும் தலையாட்டினாள். ஆட்டாவிட்டால் எதிரில் இருப்பவர் முகம் சுளிக்கும் என்பது சிறு வயதிலேயே படித்த பாடம். டாக்டர் படிப்பில் அந்தப் பாடம் கிடையாது போலிருக்கிறது.

வீட்டுக்காரன் தெய்வசிகாமணியைக் கேட்டால், அக்காவுக்குத் தெரியும் என்று சைகை காட்டிவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டான்.  கார்குழலியின் அம்மா புற்றுநோயில்தான் போய்ச் சேர்ந்தாள். தனக்கும் அதுதானா? அது ஒன்று தெரிந்தால் போதும். தனக்கொடி காரைக்காலில் கல்யாணத்துக்குப் போன நாளில், யாரிடமும் சொல்லாமல் தனியாகவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள்.

அந்த ஆஸ்பத்திரிக்குக் காது கேளாதோர்மேல் அக்கறை இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். சுவரில் பெரிய போர்டே மாட்டியிருந்தார்கள்: 'காது கேளாதோர் தங்கள் நோய் குறித்த விவரங்களுக்கு இந்த எண்ணில் பேசவும்.' பேஷ்!

"கூட யாரும் வரலையா?" என்றார் டாக்டரம்மா, முகக்கவசத்துக்குள்ளிருந்து. கார்குழலி தன் காதைத் தொட்டுக் காட்டினாள். புரிந்துவிட்டது என்பதுபோல் அவர் குரலை உயர்த்தினார். கத்தினார் என்றே சொல்லலாம். கர்ப்பப்பை, கட்டி, வியாழக்கிழமை என்று வராந்தா முழுக்கக் கேட்டது. குருசுக்குப்பத்துக்காரி ஒருத்தி உச்சுக்கொட்டினாள். தண்ணீர் கேன் போட வந்தவனுக்குக்கூடக் கட்டியின் அளவு தெரிந்துபோயிற்று. தெரியாதவள் அந்த இடத்தில் ஒருத்திதான்.

டாக்டரம்மா புருவத்தை உயர்த்தினார். புரிந்ததா என்று கேட்கிறார். கழுத்து பழக்கதோஷத்தில் அசையப் பார்த்தது. கார்குழலி பல்லைக் கடித்துக்கொண்டு, இல்லை என்று ஆட்டினாள். டாக்டரம்மா இன்னும் உரக்கக் கத்தினார். இல்லை. நர்சைக் கூப்பிட்டார். நர்ஸ் மற்றொரு காதில் வந்து கத்தினாள். அதற்கும் இல்லை. வெளியே வரிசை முணுமுணுத்தது. கார்குழலி மேஜையிலிருந்த பேனாவை எடுத்து, ஒரு தாளோடு டாக்டரம்மாவின் முன்னால் வைத்தாள்.

வேறு வழியில்லாமல் அவர் எழுதினார்: 'வியாழன் அட்மிஷன். ஆபரேஷன் செய்து கர்ப்பப்பையை எடுக்கிறோம்.'

கார்குழலி பேனாவை வாங்கினாள். 'கேன்சரா?' என்று எழுதினாள்.

'இல்லை. சாதாரணக் கட்டி.'

அப்பாடா என்று மூச்சு வந்தது. மூச்சோடு கோபமும் வந்தது. 'அப்ப ஏன் எடுக்கணும்?'

'நீங்கதானே சம்மதிச்சீங்க. நான் கேட்டப்ப தலையாட்டினீங்களே.'

அந்த வரியை அவள் இரண்டு தடவை படித்தாள். ஒரு தலையாட்டலுக்குக் கர்ப்பப்பையையே எழுதி வாங்கிவிட்டார்களே பாவிகள். பேனாவை அழுத்திப் பிடித்தாள். 'வேற வழி இல்லையா?'

'இருக்கு. ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டுப் பார்க்கலாம். ஆபரேஷனே வேண்டாம்னு ஆகலாம். போன தடவையே விளக்கமா சொன்னேனே!'

கார்குழலி, வியாழன் என்ற சொல்லைத் தாள் கிழியும்படி அடித்தாள். அதன் கீழே எழுதினாள்:

'யாருகிட்ட சொன்னீங்க?'

தாளையும் பேனாவையும் டாக்டரம்மா பக்கம் நகர்த்தினாள். வெளியே வரிசை பலமாகச் சத்தம் போட்டது. கார்குழலிக்கு அது கேட்கவில்லை. அவள் பதிலுக்காக உட்கார்ந்திருந்தாள்.