தொக்சு இறக்கத்தில் முன்வண்டி

சத்தமே இல்லாத வண்டியை வாங்கினேன். அன்றிலிருந்து என்னைச் சுற்றி ஒரே சத்தம்.

வோன்ஜு நகரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். என் பெயர் ஜூ-ஹி. ஞாயிற்றுக்கிழமைகளில் மலைச்சாலைகளில் வண்டி ஓட்டும் குழு ஒன்றில் இருக்கிறேன். கல்யாணம் ஆன நாளைவிட அந்தக் குழுவில் சேர்ந்த நாள்தான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இதை என் கணவரிடமே சொல்லியிருக்கிறேன், அவர் சாப்பாட்டைத் தொடர்ந்தார்.

போன வசந்தத்தில் என் பழைய பெட்ரோல் வண்டியை விற்றுவிட்டு இந்த மின்சார செடானை எடுத்தேன். நான்கு கதவு, பார்த்தால் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளை கூட்டிப்போகிற வண்டி மாதிரி சாதுவாக இருக்கும். மிதித்தால் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொள்ளும். புது வண்டிக்குப் பூசை போட குழுவே வந்தது. சக்கரங்களில் மக்கொல்லி என்கிற அரிசிக் கள்ளை ஊற்றினார்கள். நல்ல சகுனத்துக்காக நூல் சுற்றிய காய்ந்த மீனை எஞ்சின் பக்கத்தில் கட்டுவதற்காக தே-போங் முன்மூடியைத் திறந்தான். உள்ளே ஒரு காலிப் பெட்டிதான் இருந்தது.

"என்னக்கா, எஞ்சினைக் கடையிலயே மறந்து வெச்சுட்டு வந்துட்டீங்களா?"

அன்று சிரித்த சிரிப்பை அவர்கள் இன்னும் நிறுத்தவில்லை. தே-போங் என்னைவிட ஐந்தாறு வயது சின்னவன், டயர்க் கடைக்காரன். உறுமுகிற இரண்டு கதவு பெட்ரோல் கூப்பே வைத்திருக்கிறான். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். என் வண்டியை அவன் 'குளிர்சாதனப் பெட்டி' என்றுதான் சொல்வான். நானும் சும்மா இருப்பதில்லை. "ஆமாடா, உன் வண்டிய அதுல வெச்சா கெடாம இருக்கும்" என்பேன்.

கேலி எனக்குப் பொருட்டில்லை. ஆனால் இந்த இலையுதிர்காலத்தில் விஷயம் கேலியைத் தாண்டிப் போனது. குழுவின் முன்வண்டி ஓட்டும் சாங்-ஹ்யோப் அண்ணனின் இடது முழங்கால் கிளட்சை மிதிக்க மறுத்துவிட்டது. அவர் இனி ஓட்டப் போவதில்லை என்றார். முன்வண்டி என்பது எங்களுக்குச் சின்ன விஷயமில்லை. மலை இறக்கத்தில் வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று பின்னால் வருகிற யாருக்கும் தெரியாது. முன்வண்டியின் பின்விளக்கைப் பார்த்துத்தான் எல்லோரும் கால் வைப்பார்கள், கால் எடுப்பார்கள். அந்த இடம் எனக்கு வேண்டும். எத்தனையோ வருடமாக வேண்டும். தே-போங்குக்கும் வேண்டும்.

எங்களிடம் ஓட்டெடுப்பு கிடையாது. தொக்சு கணவாயின் உச்சியில், பழைய ஓய்வு விடுதியின் வாசலில் வண்டிகள் நிற்கும். முன்வண்டியாக வேண்டும் என்கிறவர் முதலில் கிளம்பலாம். பின்னால் மற்றவர்கள் வந்தால் அவர் முன்வண்டி. வராவிட்டால் அவர் தனியாக ஊர் சுற்றப் போனவர். அவ்வளவுதான் சட்டம்.

முந்தின நாளே போய் உச்சியில் அதே விடுதியில் அறை எடுத்தோம். சாப்பிடும்போது தே-போங் ஆரம்பித்தான்.

"அக்கா, நாளைக்குப் பாதி மலையில சார்ஜ் தீந்துட்டா சொல்லுங்க. கயிறு கொண்டுவந்திருக்கேன்."

"கயிற நீயே வெச்சுக்க. உன் வாயக் கட்ட உதவும்."

சொல்லிவிட்டேனே தவிர, உள்ளே சுர்ரென்றது. எப்போதும் சார்ஜை எண்பது சதவீதத்தோடு நிறுத்துகிறவள், அன்று வீம்புக்கு அந்த வரம்பை எடுத்துவிட்டேன். விடுதியின் சார்ஜரில் ராத்திரி முழுக்கச் செருகி வைத்தேன். காலையில் திரை நூறு என்று காட்டியது. அதை வேலை மெனக்கெட்டுத் தே-போங்கைக் கூப்பிட்டுக் காட்டினேன். புத்தி எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை.

சுரங்கப்பாதை வந்த பிறகு தொக்சு பழைய சாலையில் ஈ காக்கை கிடையாது. இலைகள் சிவந்து கிடந்தன. நான்தான் முதலில் கிளம்பினேன். கண்ணாடியில் பார்த்தேன். வேடிக்கை பார்க்கிற ஆசையிலாவது எல்லோரும் பின்னால் வந்தார்கள். தே-போங் கடைசியாக வந்தான்.

முதல் வளைவுக்கு முன்னால் வழக்கம்போல் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். வண்டி நிற்கவில்லை.

என் வண்டியில் காலை எடுத்தாலே மோட்டார் வேகத்தைப் பிடித்துக்கொள்ளும், பின்விளக்கும் தானாகச் சிவக்கும். பிடித்த வேகத்தை மின்சாரமாக்கி பேட்டரிக்குள் போட்டுவிடும். மாதக்கணக்கில் நான் பிரேக்கைத் தொட்டதே அபூர்வம். இன்று பேட்டரியில் எள் போட இடமில்லை. வாங்கிவைக்க இடமில்லாததால் மோட்டார் கையை விரித்துவிட்டது. இரண்டு டன் இரும்பு, இறக்கம், முன்னால் வளைவு. பிரேக்கை மிதித்தேன். வேலையில்லாமல் துருப்பிடித்துக் கிடந்த தட்டுகள் கரகரவென்று அலறின. மலைக்கே கேட்டிருக்கும்.

வளைவைச் சுத்தமாகத்தான் எடுத்தேன். அடுத்ததையும் எடுத்தேன். இப்படியே அடிவாரம் வரை இறங்க என்னால் முடியும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கீழே போகப் போகச் சரிவு கூடும், பிரேக் சூடேறும், எந்த இடத்தில் எவ்வளவு பிடிக்கும் என்று எனக்கே உறுதியாகத் தெரியாது. எனக்குத் தெரியாததை என் விளக்கு எப்படிப் பின்னால் வருகிறவர்களுக்குச் சொல்லும்? நிறுத்தினால் இடம் போய்விடும் என்றும் தெரியும். சாலையோர ஒதுக்கிடத்தில் வண்டியைத் திருப்பி, வாக்கிடாக்கியை எடுத்தேன்.

"நிறுத்துறேன். எல்லாரும் ஓரம் வாங்க. தப்பு என்னுது."

இறங்கி வந்தார்கள். நடந்ததைச் சொன்னேன். பல் டாக்டர் க்யூ-வோன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"உலகத்துல எல்லாரும் சார்ஜ் இல்லாம நிப்பாங்க. சார்ஜ் ஜாஸ்தியாகி நின்ன ஒரே ஆளு நீதான் ஜூ-ஹி!"

"நிறைகுடம் தளும்பாதும்பாங்க," என்றேன். "என்னுது நிக்கவே மாட்டேங்குது."

க்யூ-வோனின் வண்டியில் வந்திருந்த சாங்-ஹ்யோப் அண்ணன் சிரிக்கவில்லை. முழங்காலைத் தடவிக்கொண்டு, "வரிசை உடைஞ்சுது. மேல போய் மொதல்லேருந்து ஆரம்பிக்கணும்," என்றார். "இப்ப இந்த சார்ஜ என்ன பண்றதா உத்தேசம்?"

"செலவு பண்றேன். யாரு வர்றீங்க?"

ஒதுக்கிடத்திலிருந்து உச்சி வரை நல்ல ஏற்றம், காலிச் சாலை. ஹீட்டரை முழுதாகத் திறந்துவிட்டேன். க்யூ-வோன் பக்கத்தில் ஏறினார். மிதித்தேன். "ஐயோ அம்மா" என்றவர் உச்சி வரை கண்ணைத் திறக்கவில்லை. இறங்கும்போது பிரேக்கால் மெதுவாக இறங்கினேன், துரு உதிர்ந்து கரகரப்பு குறைந்தது. அடுத்தவர், அதற்கடுத்தவர் என்று ஆள் மாற்றி மாற்றி ஏற்றினேன். ஒருவர் கும்பிட்டார், ஒருவர் இன்னொரு தடவை என்று கெஞ்சினார். ஆறு மாதமாக என்னைக் கேலி செய்த வாய்கள் எல்லாம் திறந்தபடியே ஒதுக்கிடத்துக்குத் திரும்பி வந்து இறங்கின. பொய் சொல்வானேன், எனக்குப் பரமசுகமாக இருந்தது.

கடைசியாகத் தே-போங் ஏறினான். ஏற்றம் முழுக்கக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவனை மறுபடி கீழே அவன் வண்டியிடம் கொண்டுவிட இறங்கினேன். காலை எடுத்தேன். வண்டி வளைவுக்கு முன்னால் தானாகப் பிடித்தது. மோட்டார் வேலைக்குத் திரும்பிவிட்டது.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு."

"நீங்க நிறுத்தாமலே போயிருக்கலாம்ல? ரெண்டு வளைவும் அழகாத்தான் எடுத்தீங்க. சத்தம் வந்துச்சு, அவ்வளவுதான். எங்களுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

"அதாண்டா பிரச்சனை. உங்களுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. என் விளக்க நம்பி வந்துக்கிட்டே இருந்திருப்பீங்க."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

எல்லோரும் மீண்டும் உச்சிக்குப் போய் விடுதி வாசலில் நின்றோம். இப்போது முதலில் கிளம்புவது தே-போங்கின் முறை, அதில் யாருக்கும் மறுபேச்சில்லை. அவன் எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. கிளம்பவில்லை. சாங்-ஹ்யோப் அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார். க்யூ-வோன் ஹாரன் அடித்தார். அப்போதும் அவன் கிளம்பவில்லை.

எனக்குப் பொறுமை ஜாதகத்திலேயே கிடையாது. வருவது வரட்டும் என்று கிளம்பினேன். முதல் வளைவு வரை கண்ணாடியில் யாருமில்லை. வெறும் சாலையும் இலைகளும்தான். சரி, தனியாக ஊர் சுற்றலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

வளைவு முடிந்தபோது கண்ணாடியில் இரண்டு விளக்குகள் தெரிந்தன. தாழ்ந்த மூக்கு, பெட்ரோல் கூப்பே. அதன் பின்னால் இன்னொன்று, அதன் பின்னால் முழு வரிசையும். வாக்கிடாக்கி கரகரத்தது.

"அக்கா, பின்னால நான்தான். எங்கயாவது நிறுத்தணும்னு தோணுச்சுன்னா நிறுத்துங்க. நானும் நிப்பேன்."

அடுத்த வளைவுக்கு முன்னால், அவன் நன்றாகப் பார்க்கும்படி, கொஞ்சம் சீக்கிரமாகவே காலை எடுத்தேன்.