நாலு காலில் ஒரு சக்களத்தி

குடியிருப்பில் எல்லோரும் அவளைக் கண்ணாடியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடி விற்கும் கடையில் அவளுக்கு வேலை. உள்ளே நுழைகிறவரின் முகத்தை ஒரு பார்வை பார்த்தே எந்த ஃபிரேம் எடுபடும் என்று சொல்லிவிடுவாள். ஊரார் முகத்தையெல்லாம் இப்படி உற்றுப் பார்க்கிறவளுக்கு, தன் முகத்தைப் பார்க்க வீட்டில் ஆள் இல்லையே என்று ஒரு குறை இருந்தது.

ஆள் இல்லாமல் இல்லை. கணவர் இருந்தார். லிஃப்ட் மெக்கானிக். சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் கையில் ஒட்டியிருக்கும் கிரீஸைத் தேய்த்துக் கழுவுவார், பால்கனிக் கதவோரம் ஒரு பழைய துண்டை விரிப்பார், உட்கார்ந்துவிடுவார். அப்புறம் இடியே விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டார். அவர் மடியில் பட்டு இருக்கும்.

பட்டு, முடி நீளமாக வளரும் ஷிட்ஸு சாதி நாய். வேலை கிடைத்து மகள் வேறு ஊருக்குப் போனதும், வீடு வெறிச்சோடிக் கிடக்கிறதே என்று அவர் தூக்கிக்கொண்டு வந்த பெண்குட்டி. அதை முதன்முதலாக நாய்களுக்கான பார்லருக்குக் கூட்டிப் போனபோது இருவருமாகத்தான் போனார்கள். பார்லர்க்காரி சுவரில் ஒட்டியிருந்த படங்களைக் காட்டினாள். உடம்பு முழுக்க ஒட்ட வெட்டியது ஒன்று. முகத்தை மட்டும் உருண்டையாக விட்டுக் கரடிபொம்மை மாதிரி ஆக்கியது ஒன்று. இன்னொன்றில் முடியை வெட்டவே இல்லை. முதுகில் வகிடெடுத்து, இரண்டு பக்கமும் தரையைத் தொடும்படி வழியவிட்டு, உச்சந்தலையில் குட்டிக் கொண்டை போட்டிருந்தது.

"ஒட்ட வெட்டிடலாங்க. தொல்லையில்ல," என்றாள் கண்ணாடியக்கா.

அவர் கொண்டைக்காரியின் படத்தைத் தொட்டார். "இதுதான் வேணும்."

"அழகா இருக்கும் சார். ஆனா தினமும் சீவணும். விட்டீங்கன்னா சிக்கு விழுந்து கட்டியாயிடும். முடியுமா உங்களால?"

"முடியும்."

கல்யாணத்தன்றுகூட அவர் இவ்வளவு அழுத்தமாக எதையும் சொன்னதாக அவளுக்கு ஞாபகமில்லை.

சொன்ன சொல்லை அவர் காப்பாற்றினார். வினையே அங்கேதான் ஆரம்பித்தது. முதலில் முடியின் மேல் பன்னீர் தெளிப்பதுபோல் தண்ணீரைத் தூவுவார். பிறகு முடியைக் கொத்துக்கொத்தாகப் பிரித்து, தோல் இழுபடாமல் அடிமுடியை விரலால் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து மேல்நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிக்கெடுப்பார். காதுக்குப் பின்னால், கால் இடுக்கில், தாடைக்குக் கீழே என்று ஓரிடம் விடமாட்டார். "வலிக்குதா தங்கம்? இதோ முடிஞ்சிடுச்சுடா," என்று நடுநடுவே கொஞ்சல் வேறு. சமையலறையில் நின்றபடி அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள் கண்ணாடியக்கா. அவளுக்கு மண்டை பிளந்தாலும் "மாத்திரை போட்டியா?" என்பதோடு அவர் கடமை முடிந்துவிடும்.

ஒரு நாள் அவள் இடுப்பு வரை இருந்த தன் முடியைத் தோள் அளவுக்கு வெட்டிக்கொண்டு வந்து நின்றாள். கடையில் எல்லோரும் பத்து வயது குறைந்துவிட்டதாகச் சொன்னார்கள். அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"பட்டுவோட கொண்டை ரப்பர் எங்கம்மா?" என்று கேட்டார்.

அவள் விறுவிறுவென்று உள்ளே போனாள். மகளுக்குப் போன் போட்டு, "உங்கப்பா எனக்கு ஒரு சக்களத்தியைக் கொண்டாந்து வெச்சிருக்காரு. நாலு காலு, ஒரு வாலு," என்றாள். மகள் சிரித்தாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் வெளியூரில் ஒரு பெரிய கட்டடத்துக்கு லிஃப்ட் மாட்டும் வேலைக்கு அவரை அனுப்பினார்கள். சில வாரங்கள் ஆகும். பெட்டியைப் பூட்டிக்கொண்டே பாடம் நடத்தினார்: "காஞ்ச முடியில சீப்பு வெக்காத. சிக்கெடுக்காம குளிப்பாட்டிடாத, தண்ணி பட்டா இறுகிடும்." அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வாசல்படியில் குனிந்து நாய்க்கு முத்தம் கொடுத்தார். அவளிடம், "வரேன்," என்றார்.

தினமும் வீடியோவில் கூப்பிடுவார். "பட்டுவைக் காட்டு." அவள் போனைக் கீழே திருப்புவாள். "அடி என் தங்கமே!" பேச்செல்லாம் அதோடு நடக்கும், போன் பிடிக்க மட்டும் இவள். "நான் என்ன ஸ்டாண்டா?" என்று மனதுக்குள் கறுவினாள். முதல் சில நாட்கள் பேருக்குச் சீவியவள், பிறகு மேலோடு ஒரு இழு இழுத்துவிட்டு எழுந்தாள். கடைசியில் அதுவும் இல்லை. கொண்டையை மட்டும் போட்டுப் போனில் காட்டினாள். கொஞ்சம் அவலட்சணமாகத்தான் ஆகட்டுமே, அப்போதாவது தெரியட்டும் என்று உள்ளுக்குள் ஒரு குரல் சொன்னது. அது தன் குரல்தான் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை.

நல்ல மழை பெய்த ஒரு நாள் பட்டு சேற்றில் இறங்கிவிட்டது. வேலைக்கு நேரமாகிற எரிச்சலில், குழாயடியில் நிறுத்தி ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டி, துண்டால் பரபரவென்று துவட்டிவிட்டுப் போனாள்.

அன்று மாலை பட்டு ஓடி வரவில்லை. முன்னங்கால் ஒன்றைத் தரையில் வைக்காமல் நொண்டியது. முள்ளாக இருக்கும் என்று தூக்கிப் பார்த்தாள். முள் இல்லை. அக்குளில் முடி திரண்டு, தேங்காய்நார் மாதிரி இறுகி, கால் வைக்கும்போதெல்லாம் தோலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. காதுக்குப் பின்னால் தொட்டாள், அங்கும் கட்டி. வயிற்று முடியில் விரலே நுழையவில்லை. சீப்பை எடுத்ததும் பட்டு நடுங்கியது. ஆனால் கடிக்கவில்லை, உறுமவும் இல்லை. அவள் கையை நக்கியது.

"உன்மேல எனக்கு என்னடி கோவம்," என்று அவள் தரையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

பார்லர்க்காரி அங்குமிங்கும் பிரித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "சிக்கெடுத்தா உசுரு போயிடும்க்கா. ஒட்ட எடுத்துட வேண்டியதுதான். சார்கிட்ட கேட்டுக்கிறீங்களா?"

"எடுங்க. நான் சொல்லிக்கிறேன்."

மெஷின் ஓட ஓட, முடி தனித்தனியாக உதிராமல் கம்பளிபோல் ஒரே துண்டாகக் கழன்று வந்தது. உள்ளே இருந்த பட்டு கைப்பிடி அளவுதான். அக்குளில் தோல் சிவந்திருந்தது. பார்லர்க்காரி அதற்கு ஒரு களிம்பு கொடுத்து அனுப்பினாள்.

வீட்டுக்கு வந்ததும் பட்டு சோபாவுக்கு அடியில் போய்ப் பதுங்கிக்கொண்டது. கண்ணாடியக்கா தன் பழைய பனியனை வெட்டிச் சட்டையாக்கிப் போட்டாள், களிம்பு தடவினாள், மடியில் போட்டுக்கொண்டாள். அந்தச் சின்ன உடம்பின் சூடு தொடையில் இறங்கியபோது, அவர் ஏன் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார் என்பது அவளுக்குக் கொஞ்சம் புரிந்தது.

போன் அடித்தது. "பட்டு எங்க?"

"தூங்குது," என்று போனைத் தன் முகத்துக்கு நேராகவே வைத்துக்கொண்டாள். பார்க்க வேறொன்றும் இல்லாததால் அவர் அவளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தவர், "ஏம்மா, முடி வெட்டியிருக்கியா?" என்றார்.

"அது வெட்டி ரெண்டு மாசமாச்சு."

"நல்லா இருக்கே!"

எத்தனை நாளாக இதற்காக ஏங்கியிருக்கிறாள். கிடைத்தபோது அவள் கை மடியிலிருந்த பனியனை இழுத்து மூடியது. அதன் பிறகும் தினமும் தூங்குது, தூங்குது என்றே ஓட்டினாள். அவரும் அவள் முகத்தைப் பார்த்தே பேசினார். கடையில் என்ன நடந்தது, சாப்பிட்டாயா என்றெல்லாம்கூடக் கேட்டார். சந்தோஷமாகவும் இருந்தது, திருடுகிற மாதிரியும் இருந்தது.

அவர் திரும்பி வந்தார். கதவைத் திறந்ததும் பனியன் போட்ட ஏதோ ஒன்று வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தது. அவர் பெட்டியைக் கீழே வைக்கவில்லை.

"இது என்ன?"

"சீவல. வேணும்னுதான் சீவாம விட்டேன். சிக்கு விழுந்து கால் நொண்டிச்சு. ஒட்ட எடுத்துட்டாங்க." பாதியில் நிறுத்தினால் அப்புறம் சொல்லவே முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. "எனக்குப் பொறாமைங்க. ஒரு நாயைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். போதுமா?"

அவர் கத்தவில்லை. நாயைத் தூக்கி, பனியனை விலக்கி, அக்குளைப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது. அன்றைக்குச் சாப்பிட்டதும் நாயைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார். மறுநாள் வழக்கம்போல் துண்டை விரித்து உட்கார்ந்தவர், சீப்பை எடுத்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார். அவளும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அதுகிட்ட உக்காந்தா நான் ஒண்ணும் பேச வேண்டாம்," என்றார் அவர், அவளைப் பார்க்காமல். "பொண்ணு போன அப்புறம் உங்கிட்ட என்ன பேசுறதுன்னே எனக்குத் தெரியல. முன்னெல்லாம் அவளைப் பத்தியேதான பேசிக்கிட்டிருந்தோம்?"

"எனக்கும் தெரியலதான். அதுக்காக என்னை விட்டுட்டு அதுகிட்ட போய் உக்காந்துக்குவீங்களா?"

"தப்புதான். ஆனா நீ பண்ணது அதைவிடப் பெரிய தப்பு."

"ஆமா," என்றாள் அவள்.

பட்டுவின் முடி மெல்ல மெல்ல வளர்ந்தது. வெட்டும் பதம் வந்ததும் இருவருமாக அதைப் பார்லருக்குத் தூக்கிப் போனார்கள். அவர் கொண்டை என்றார். அவள் கரடிபொம்மை என்றாள். பார்லர்க்காரி கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க பேசி முடிங்க, நான் டீ குடிச்சிட்டு வரேன்," என்று போய்விட்டாள். கடைசியில் உடம்பு குட்டையாகவும், காதும் வாலும் நீளமாகவும் இருக்கட்டும் என்று முடிவாயிற்று. காதும் வாலும் அவர் பொறுப்பு. உடம்பும் காலும் அவள் பொறுப்பு. இனி ஒருவர் ஊருக்குப் போனாலும் இன்னொருவர் முழுசாகச் சீவ வேண்டும் என்று அவர் கறாராகச் சொன்னார். அவளும் ஒப்புக்கொண்டாள்.

ஒரு மாலை அவள் வேலை முடிந்து வந்தபோது, அவர் துண்டில் உட்கார்ந்து பட்டுவின் இடது காதைச் சீவிக்கொண்டிருந்தார். சாவிச் சத்தம் கேட்டதுமே பட்டு அவர் மடியிலிருந்து குதித்து, பாதி சீவிய காதோடு அவள் காலடிக்கு ஓடி வந்து மல்லாந்தது.

"பட்டு, இங்க வா," என்றார். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவர் முகம் போன போக்கை அவள் பார்த்தாள். பாவமாக இருந்தது. ஆனால் அதைவிட அதிகமாக இனித்தது.

"அதுக்கு என்ன குடுத்து மயக்கி வெச்சிருக்க நீ?"

"ஒண்ணும் குடுக்கலையே."

"பொய் சொல்லாத. கையைக் காட்டு."

எழுந்து வந்து அவள் கையைப் பிடித்து விரித்தார். ஒன்றும் இல்லை. நம்பாமல் முகர்ந்து பார்த்தார். பிறகு இன்னொரு கையையும் காட்டச் சொன்னார்.