மணிக்கட்டில் கட்டிய மிதவை

“அப்பா, அந்த மாமாவை நாம ஏன் ஏத்திக்கல?”

இதைக் கேட்டபோது மிசாவோவுக்கு ஐந்து வயது. தீவில் அன்று திருவிழா. கோயிலுக்குப் படைக்க வேண்டிய சிவப்பு மீன்கள் படகுத் தொட்டியில் நீந்திக்கொண்டிருந்தன. சற்றுத் தள்ளி ஒரு மனிதர் குப்புற மிதந்துகொண்டிருந்தார். சாமி மீன் இருக்கும் படகில் சாவுத் தீட்டு படக் கூடாது. அப்பா தொகுஜி குனிந்து, வலைக்குக் கட்டும் ஒரு பச்சைக் கண்ணாடி மிதவையைக் கயிற்று வளையம் போட்டு அவர் மணிக்கட்டில் கட்டினார்.

“இங்கயே இருங்க. மீனை எறக்கிட்டு வந்து கூட்டிட்டுப் போறேன்” என்று மரியாதையாகச் சொன்னார். மகள் பக்கம் திரும்பி, “வாயத் தொறக்காத” என்றார்.

திரும்பி வந்தபோது வெறும் கடல்தான் இருந்தது. மூன்று நாள் தேடினார். நான்காம் நாள் படகை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு ஃபுகுவோகா நகரத்துக்குப் போனவர், அதன் பிறகு தீவுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. நாற்பது நிமிடப் பயணம்தான். நாற்பத்தாறு வருடம் ஓடிவிட்டது.

இப்போது ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். இரண்டு மூன்று நாள்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் கண் மூட முடியவில்லை. “இடது பக்கமா ஏத்து, இடது பக்கமா” என்று ஓயாமல் முனகுகிறார். கடலில் இறந்தவரைப் படகின் இடது பக்கமாகத்தான் ஏற்ற வேண்டும். நேற்று மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, “நீயாவது போயிட்டு வாம்மா. அவரு காத்துக்கிட்டு இருப்பாரு” என்றார்.

அதனால்தான் மிசாவோ காலைப் படகில் ஏறியிருந்தாள்.

“தெக்க புயல் சின்னம்” என்றார் படகுக்காரர். “மூணு மணிப் படகு கெடையாது. ஒரு மணிக்கு எடுத்துடுவேன். விட்டீங்கன்னா மூணு நாளைக்கு எங்க ஊர்ப் பூனைங்களோடதான் குடித்தனம்.”

காற்றே இல்லை. ஆனாலும் கடல் எண்ணெய் பூசியதுபோலப் பளபளத்து, அடியிலிருந்து யாரோ தூக்கித் தூக்கி விடுவதுபோல எழுந்து தாழ்ந்தது. படகுக்குப் பின்னால் பச்சையாக ஏதோ ஒன்று தெரிந்து மறைந்தது. அவள் மறுபடி திரும்பிப் பார்க்கவில்லை.

தீவில் படகுகளை மேட்டில் ஏற்றி இரட்டைக் கயிறு போட்டிருந்தார்கள். கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. எப்போதும் துறைமுகத்தில் சுற்றும் பூனைகளில் ஒன்றைக்கூடக் காணோம். அலைதடுப்புச் சுவரின் படியில் இறங்கி, கொண்டுவந்த சாராயத்தைக் கிண்ணத்தில் ஊற்றி வைத்தாள் மிசாவோ. கடலில் போனவருக்காகக் கை கூப்பினாள். சத்தமே இல்லாமல் ஒரு நீர்மேடு படியேறி வந்து, கிண்ணத்தைக் கொண்டுபோயிற்று. அவளுடைய முழங்கால்வரை நனைந்தது.

“கடலுக்கு எதுக்குடி ஊத்துற? அது மொடாக்குடியன். எனக்கு ஊத்தியிருந்தா ஒரு நன்றியாவது சொல்லியிருப்பேன்.”

மேலே நின்றவள் ஓதோ. எழுபதைத் தாண்டியும் மூழ்கிச் சிப்பி எடுப்பவள். இடுப்பில் கை வைத்து மிசாவோவின் முகத்தையே பார்த்தாள்.

“இந்த மூக்கு தொகுஜியோடது. மகளா?”

மிசாவோ ஆமாம் என்று தலையசைத்தாள்.

“கடல்ல தேடாத. ஆளு மேல இருக்காரு. வா.”

ஊருக்குப் பின்னால் மேட்டில் ஏறினார்கள். பருந்துகள் இறக்கை விரிக்காமல் மரங்களில் உட்கார்ந்திருந்தன. ஓதோ மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே போனாள்.

“நீங்க போன பத்தாம் நாள் நான் முங்கி எந்திரிக்கிற பாறைக்கிட்ட வந்து ஒதுங்கி நின்னாரு. கையில மிதவை. மிதவையில உங்கப்பன் படகோட அடையாளம்.”

“அப்போ ஊருக்கே தெரியுமா, பெரியம்மா?”

“எனக்குத் தெரியும். போலீஸ் வர்றதுக்குள்ள மிதவையைக் கயித்து வளையத்தோட உருவிக் கூடைக்குள்ள போட்டுட்டேன். பாத்துட்டும் விட்டுட்டுப் போனான்னு ஊரு உங்கப்பனைக் கிழிச்சிருக்கும். அவன் திரும்பி வரத்தான் அடையாளம் வெச்சிருக்கான். அதைக் கட்டின கைக்கு நல்ல மனசுதான்.”

“ஏத்திக்கிட்டு வந்திருக்கலாமே.”

“வந்திருக்கலாம். அந்த மீனைத் தின்னு வளர்ற சாமி இல்ல நம்ம சாமி. ஒரு வருஷம் மீன் இல்லாட்டி என்ன, பொறுத்துக்கும். அது உங்கப்பனுக்கு அன்னைக்குத் தோணல.”

பெயர் தெரியாததால் யாரும் கேட்டு வராத சாம்பலைக் கேட்டு வாங்கி, ஓதோதான் புதைத்திருந்தாள். முழங்கால் உயரக் கல். மேலே ஓர் எழுத்தும் இல்லை. அதன் தோளில், கயிற்று வளையத்தோடு அந்தப் பச்சை மிதவை, படகின் அடையாளம் வெளியே தெரியாமல் கல் பக்கமாகத் திருப்பி மாட்டியிருந்தது. அருகே ஒரு வாளியும் அகப்பையும்.

“இவருக்குத் தண்ணி ஊத்துறதுக்குக் கடல் கூலியைக் கரெக்டா குடுத்துடும். வருஷம் தவறாம எனக்குத்தான் பெரிய சிப்பி. உங்கப்பன் ஏமாந்தான்” என்று சிரித்தாள் ஓதோ.

கீழே துறைமுகத்தில் சங்கு ஊதியது. ஒரு மணி ஆகப்போகிறது. மேகம் கருத்து மலை உச்சிவரை இறங்கியிருந்தது. மிசாவோ படகையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தாள். படகை விட்டால், அப்பா போகும்போது பக்கத்தில் இருக்க முடியாது. இப்படியே இறங்கினால், அவர் கொடுத்த வாக்கை முடித்துவிட்டேன் என்று அவரிடம் சொல்ல முடியாது.

“நீ இரு. அந்தப் படகுக்காரப் பயலை நான் புடிச்சு வைக்கிறேன். பத்து வயசுல கடல்ல விழுந்தவனை இழுத்துப் போட்டவ நான். எனக்குப் பத்து நிமிஷம் தர மாட்டானா?”

ஓதோ விறுவிறுவென்று இறங்கிப் போனாள். செருப்புச் சத்தம் தேய்ந்து நின்றது.

மிசாவோ கல்லின் இடது பக்கமாகப் போய் மண்டியிட்டாள். அகப்பையால் மூன்று முறை தண்ணீர் மொண்டு, தலைப்பக்கத்திலிருந்து மெதுவாக ஊற்றினாள்.

“தொகுஜி மக வந்திருக்கேன்” என்றாள். “எங்கப்பா வர்றேன்னு சொன்னாரு. ரொம்ப நேரம் காக்க வெச்சுட்டோம். இனி நீங்க காத்திருக்க வேணாம்.”

வளையத்தைக் கையில் எடுத்தாள். அது அப்பாவின் முடிச்சு. உப்பேறி மரம்போல இறுகியிருந்தது. தண்ணீரில் நனைத்து, நகத்தால் நெம்பி, பல்லாலும் இழுத்துப் பார்த்தாள். கீழே இரண்டாவது சங்கு ஊதியது. அவள் அவசரப்படவில்லை. விரல் நுனியில் ரத்தம் கசிந்தபோது கயிறு நெகிழ்ந்தது. முடிச்சு அவிழ்ந்தது.