ஒரு சிரிப்பு பாக்கி

கொல்லைப்புறத்துக் கல்லில் விரால் மீனைச் சாம்பல் போட்டு உரசிக்கொண்டிருந்தாள் இருதயம்மாள். வழுவழுப்பு போகிறவரை நிதானமாகத் தேய்க்க வேண்டும். அவசரப்பட்டால் மீன் கையில் நிற்காது. பின்வாசற்படியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அருள்சாமி அதை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டு, யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றிப் பேசுவதுபோலச் சொன்னார்.

"இந்தத் தடவ சிரிக்கல."

"என்னது?"

"செத்தேன்ல. எந்திரிச்சதும் சிரிக்கணும்ல. அத எடுக்கல."

அவள் கை நின்றுவிட்டது.

படப்பிடிப்பில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் பிணமாக நடித்தால் டைரக்டர் 'கட்' சொன்ன பிறகும் கேமராவை நிறுத்த மாட்டார்கள். "அண்ணே, ஒரு சிரிப்பு" என்பார் கேமராக்காரர். பிணம் எழுந்து உட்கார்ந்து, மூக்கிலிருக்கிற பஞ்சை எடுத்துப் போட்டுவிட்டு, லென்ஸைப் பார்த்துச் சிரிக்கும். அந்தச் சிரிப்பு யார் வீட்டு டிவியிலும் வராது, வெட்டிப் போட்டுவிடுவார்கள். ஆனாலும் எடுத்தே தீர வேண்டும். போனவன் வேறு ஆள், இவர் இங்கேயேதான் இருக்கிறார் என்று சாவைப் பார்த்த கேமராவுக்கே ஒரு வார்த்தை சொல்லி வைப்பதைப்போல. பன்னிரண்டு வருஷ சீரியல் வாழ்க்கையில் அருள்சாமி பதினோரு தடவை செத்திருந்தார். லாரி மோதி, பாம்பு கடித்து, பெற்ற மகனே பாலில் விஷம் வைத்து, ஒரு தடவை வெறும் மனவருத்தத்தில். ஒவ்வொரு தடவையும் சென்னையிலிருந்து வந்து அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் இருதயம்மாள் கேட்டுவிடுவாள்: "சிரிச்சீங்களா?" அவர் "சிரிச்சாச்சு, சிரிச்சாச்சு" என்பார். அது அவர்களுக்குள் ஒரு விளையாட்டு. இந்தப் பன்னிரண்டாவது சாவுக்கு மட்டும் அவள் கேட்க மறந்துபோனாள்.

மறந்ததற்குக் காரணம் இருந்தது. வருகிற திங்கட்கிழமை திருச்சியில் அவருக்கு நெஞ்சைத் திறந்து ஆப்பரேஷன். மூன்று இடத்தில் அடைப்பு என்று சொல்லியிருந்தார்கள். இரண்டு மாதம் லீவு வேண்டும் என்று சீரியல்காரர்களிடம் கேட்டபோது, இரண்டு மாதம் அந்த அப்பாவை எங்கே அனுப்பிவைப்பது என்று யோசித்துக் களைத்து, சாகடித்துவிடுவதே சுலபம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். 'மாரடைப்புன்னு வச்சுக்கலாம்ணே, உங்களுக்கும் நேச்சுரலா வரும்' என்று கதை எழுதுகிற பையன் சொன்னதை அருள்சாமி ஊருக்கு வந்த அன்றே ஒரு ஜோக்காகச் சொன்னார். இருதயம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஏன் எடுக்கல?"

"ஷூட்டிங் வீடு வாடகைதானே. ஆறு மணிக்கு அடுத்த சீரியல்காரனுக்கு விட்டாகணும். சோபாவத் தூக்குறான், நான் அதுல செத்துக் கெடக்கேன். எந்திரிங்க சார் எந்திரிங்க சார்ங்குறான்."

"நீங்க கேட்டு எடுத்துட்டு வரலாம்ல?"

"ரயிலுக்கு நேரமாச்சு. வுடு. நம்ம வேதத்துல இதெல்லாம் உண்டா?"

"இல்லதான்" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடியும் மீனை எடுத்தாள்.

எண்ணெய் கம்மியாக ஒரு குழம்பு வைத்தாள். அவர் சாப்பிட்டதும் மாத்திரைகளைப் பிரித்துக் கையில் கொடுத்தாள். எதிர்வீட்டில் பூசணிக்காய் உடைக்கும்போதும் மிளகாய் சுற்றிப் போடும்போதும் அவள் வேடிக்கைதான் பார்த்திருக்கிறாள், அதையெல்லாம் நம்பியதில்லை. இப்போதும் நம்பவில்லை. ஆனால் ஜெபமாலையை எடுத்து உட்கார்ந்தால் மூன்றாவது மணிக்கு மேல் விரல் நகரவில்லை. எங்கேயோ ஒரு கேமராவுக்குள் அவர் கண்மூடிக் கிடக்கிறார், யாரும் எழுப்பவில்லை என்கிற எண்ணம் அரிசியில் கிடக்கிற கல்லைப்போலத் திரும்பத் திரும்ப அகப்பட்டது. அவர் கண்ணயர்ந்த பிறகு சென்னைக்குப் போன் போட்டு சீரியல் கம்பெனி மேனேஜரைப் பிடித்தாள்.

"அந்த கேமரா ஹைதராபாத் போயிருக்கும்மா. எதுக்கும்மா?"

"சும்மாதான் தம்பி" என்று வைத்துவிட்டாள். நேரே கடைத்தெருவுக்குப் போய்க் கலந்தரைக் கையோடு கூட்டி வந்தாள்.

கலந்தர் அய்யம்பேட்டைக்காரர். திருக்காட்டுப்பள்ளியில் வீடியோக் கடை வைத்துப் பத்து வருஷம் ஆகிறது. கல்யாணம், காதுகுத்து எல்லாம் எடுப்பார் என்றாலும் அவருடைய பெரிய தொழில் வேறு. துபாயிலும் சவுதியிலும் இருக்கிறவர்கள் அனுப்புகிற பணத்தில் ஊருக்கு ஊர் வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. கட்டச் சொன்னவர்கள் அவற்றைக் கண்ணால் பார்த்ததில்லை. கலந்தர்தான் அறை அறையாகப் போய், ஜன்னலைத் திறந்து மூடி, ஒவ்வொரு குழாயாகத் திருகித் தண்ணீர் கொட்டுவதை நின்று காட்டி, கேசட் போட்டு அனுப்பிவைப்பார். குவைத்திலிருக்கிற மகன் ஆண்டனி இந்த வீட்டுக்கு மாடி எடுத்தபோதும் அவர்தான் வந்தார். அன்றைக்கெல்லாம் இருதயம்மாள் கேமராவுக்குப் பயந்து அடுப்படியைவிட்டு வெளியே வரவேயில்லை.

விஷயத்தைக் கேட்டதும் கலந்தர் தலையைச் சொறிந்தார். "யக்கா, எத்தன கேமராவப் பாத்த மனுஷன். நான் போயி அவருக்கு லைட் வைக்கவா?"

"வை. கேமராதானே. எல்லாத்துக்கும் கண்ணு ஒண்ணுதான்."

அருள்சாமி மறுப்பார் என்று நினைத்தாள். அவரோ கேமராவைக் கண்டதும் தூக்கம் கலைந்து உற்சாகமாகிவிட்டார். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்த்து, கூடத்துக் கட்டிலை அவரே ஜன்னலோரம் இழுக்கப் போனார். "நீங்க தொடாதீங்க" என்று இருவரும் ஒரே சமயத்தில் கத்தினார்கள். கட்டிலில் சாய்ந்து, இடது கையை நெஞ்சில் வைத்து, கலந்தர் தலையசைத்ததும் செத்தார். என்ன சாவு! முகத்திலிருந்து யாரோ விளக்கை எடுத்துக்கொண்டு போவதுபோல இருந்தது. கலந்தர் தன்னையறியாமல் "யா அல்லா" என்றார். பிறகு கண் திறந்து, எழுந்து உட்கார்ந்து, லென்ஸைப் பார்த்து அருள்சாமி சிரித்தார்.

"சூப்பர்ணே!"

"இது வேணாம்" என்றாள் இருதயம்மாள். "இது டாக்டரு."

உதட்டைத் திறக்காமல் கண்ணை மட்டும் சுருக்கி, பயப்பட ஒன்றுமில்லை என்று நோயாளியிடம் சொல்கிற சிரிப்பு. ஏழு சீரியலில் ஏழு டாக்டருக்கும் அவர் அதையே சிரித்திருந்தார். அருள்சாமி ஒரு கணம் யோசித்து, ஒப்புக்கொண்டு, மறுபடி செத்தார். மறுபடி எழுந்தார்.

"இது மருமககிட்ட நகை கேக்கறதுக்கு முன்னாடி சிரிப்பீங்களே, அந்த மாமனாரு."

அடுத்த சிரிப்பை அவள் சொல்வதற்குள் கலந்தரே கேமராவுக்குப் பின்னாலிருந்து கூவினார். "அண்ணே, இது அத்தர் கடை பாய்! எங்க மாமாவோடது. நீங்க ரெண்டு நாளு கடையில உக்காந்து அவரையே பாத்துட்டுப் போனீங்களே, சும்மா அப்படியே உரிச்சு வச்சிருக்கீங்க." அருள்சாமிக்குப் பெருமை பிடிபடவில்லை. பெருமையில் வந்த சிரிப்புகூட ஒரு நாதஸ்வர வித்வானுடையதாக இருந்தது. அதற்கு அடுத்தது இருதயம்மாளை ஒரு நிமிஷம் அசைத்துவிட்டது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கூச்சத்தோடு, சிரிக்கலாமா என்று அனுமதி கேட்கிற சிரிப்பு. மகளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பிவைக்கிற காட்சியில் சிரித்தது. பதினெட்டு வருஷத்துக்கு முன் இறந்துபோன அவளுடைய அப்பாவிடமிருந்து எடுத்தது. ஒரு கணம் அப்பாவே கட்டிலில் உட்கார்ந்திருந்தார், பிறகு இல்லை.

"அதும் வேணாம்" என்றாள்.

"அப்பறம் எதத்தான்டி சிரிக்கிறது? சிரிச்சாச் சிரிப்புதானே?"

"செத்தது அந்தாளு. சிரிக்க வேண்டியது நீங்க."

கலந்தர் கேமராவை இறக்கி, பேட்டரியைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டார். அருள்சாமி முட்டியில் கைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோபமெல்லாம் வடிந்து, ஏதோ ஒரு புது டைரக்டரிடம் கேட்பதுபோல மரியாதையாகக் கேட்டார்.

"எப்படி இருக்கும்னு சொல்லேன். ஒரு தடவ சொன்னாப் புடிச்சுக்குவேன்."

அவள் சொல்ல முயன்றாள். அது அவளுக்குத் தெரியும். முதன்முதலில் எங்கே பார்த்தாள் என்பதுகூடத் தெரியும். பெரிய வியாழனன்று ஏசுவின் பாடுகளை நடிக்கிற பாஸ்கா நாடகம். உரச் சொசைட்டியில் மூட்டை நிறுத்துப் போடுகிற அருள்சாமி முன்பாதியில் யூதாஸ், பின்பாதியில் ஏசுவைச் சிலுவைக்கு அனுப்புகிற பிலாத்து. யூதாஸ் அப்படிக் காட்டிக் கொடுத்ததில் ஜனங்களுக்கு ஆத்திரம் வந்து வயல் மண்ணாங்கட்டியை எடுத்து அடித்துவிட்டார்கள். திரைக்குப் பின்னால் வாளித் தண்ணீர் கொண்டுபோன பதினேழு வயசு இருதயம்மாளைப் பார்த்து, பாதி முகம் யூதாசாகவும் கழுவிய பாதி வெறுமையாகவும் இருந்த அந்த ஆள் சிரித்தார். பெண் கேட்டு வந்தபோது அப்பா தயங்கினார். "யூதாசுக்கா சாமி பொண்ணு குடுக்கறது?" பங்குச் சாமியார், "அவன் பிலாத்தாவும் நடிச்சான்யா" என்றார். "அது இன்னும் மோசம் சாமி" என்றார் அப்பா.

ஆனால் அந்தச் சிரிப்பு எப்படி இருந்தது என்று கேட்டால்? உதடு இப்படி, கன்னம் இப்படி என்று அதை யாருக்கும் எடுத்துச் சொல்ல முடியாது. சொல்லிவிட்டால் அவர் அப்படியே செய்துவிடுவார். செய்துவிட்டால் அது அதுவாக இருக்காது.

"நவுருங்க, நான் காட்டறேன்" என்று சொல்லி, தான் என்ன செய்கிறோம் என்று யோசிப்பதற்குள் இருதயம்மாள் கட்டிலில் நீட்டிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

செத்துக் கிடப்பது லேசான காரியம் இல்லை. படுத்த உடனே எச்சில் விழுங்க வேண்டும்போல இருந்தது. மேலே மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை முனகியது. அறுவடை முடிந்த வயலில் உளுந்துக்கு யாரோ மருந்து அடிக்கிற சத்தம் கிட்டத்தில் கேட்டு, தூரத்துக்குப் போய், மறுபடி வந்தது. மூச்சை எப்படி அடக்குகிறார் இந்த மனுஷன், பன்னிரண்டு தடவை? கேலி செய்வார் என்று காத்திருந்தாள். கலந்தராவது ஏதாவது சொல்வார் என்று பார்த்தாள். யாரும் 'கட்' சொல்லவில்லை. பிறகு முட்டி சொடுக்குகிற சத்தம், கட்டில் ஓரம் அமுங்கியது, அவள் மணிக்கட்டில் ஒரு கை.

"இருதயம்."

அவருடைய குரல்களெல்லாம் அவளுக்கு மனப்பாடம். நீதிபதி, குருடன், பண்ணையார், பைத்தியம். இது அவர்களில் யாரும் இல்லை. மெலிசாக, தண்ணீர் தாகத்தில் கேட்கிறவனுடையதைப்போல இருந்தது.

"எந்திரிடி. போதும். வெளையாடாத."

பத்து நாளாகத் தான் மனசுக்குள் பார்த்துக்கொண்டிருந்ததை, கூட இருக்கிறவர் எழுந்திருக்காமலே கிடப்பதை, அவரும் இப்போது பார்த்துவிட்டார் என்று இருதயம்மாளுக்குத் தெரிந்தது. பாவமாக இருந்தது. உடனே கண்ணைத் திறந்தாள். எழுந்து உட்கார்ந்தாள். தொழில் தர்மப்படி அடுத்தது என்னவோ அதையும் செய்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக நடித்தாள். ரேஷன் கார்டு போட்டோவுக்கு நிற்பதுபோலக் கழுத்தை விறைத்துக்கொண்டு, இருக்கிற பல்லையெல்லாம் காட்டிச் சிரித்தாள்.

அருள்சாமி ஒரு அடி தூரத்திலிருந்து அதையே பார்த்தார். நாற்பது வருஷம் நடிப்பைப் பார்த்த கண்ணால் பார்த்தார்.

"என்னடி இது, பல்லு புடுங்கறவன்கிட்ட வாயத் தொறந்தாப்ல?"

அது அவர் வயிற்றிலிருந்து கிளம்பியது. சட்டைப் பித்தான் முதலில் குலுங்கியது, பிறகு தோள், பிறகு சத்தமே இல்லாமல் வாய் திறந்து, இடது பக்கம் கடைவாய்ப்பல் இரண்டு இல்லாத இடம் கறுப்பாகத் தெரிந்தது. எந்தக் கேமராவுக்கும் அவர் காட்டாத பக்கம் அது. கண் மூடிப்போய், ஓரத்தில் தண்ணீர் வந்துவிட்டது. "மெல்ல, மெல்ல" என்று சொல்லிக்கொண்டே அவள் அவர் நெஞ்சில் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டாள். கைக்குக் கீழே அது இன்னும் நிற்காமல் அதிர்ந்துகொண்டிருந்தது.

"யக்கா, யக்கா! கொஞ்சம் தள்ளுங்க, நீங்க மறைக்கிறீங்க!"

இருதயம்மாள் நகரவில்லை. அவள் முதுகுக்குப் பின்னால் கலந்தர், பூண்டி மாதா தேர்க் கூட்டத்தில் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு எட்டி எட்டிப் பார்க்கிறவரைப்போல, கேமராவோடு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஓடிக்கொண்டிருந்தார்.